சம்பந்தி வீட்டுச் சொட்டைப் பாத்திரங்கள்

1

எங்கள் குடியிருப்பின் நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டிலிருந்து நெடுநேரம் தட்டும் ஓசை கேட்டதாம். ஓய்வு நாளில் அப்படிச் செய்யக் கூடாது என்று ஏற்கெனவே நினைவூட்டியிருக்கிறார்களாம். அடுத்த முறை நினைவூட்டலோடு விட மாட்டார்களாம். இத்தனையும் சொல்லிவிட்டு, கீழே "நட்பான வணக்கங்களுடன்" என்று முடித்திருக்கிறார்கள். ஜெர்மனிக்கு வந்த புதிதில் இந்த நட்பான வணக்கத்தை நம்பி நானும் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

முதல் நினைவூட்டல் வந்தது ஒரு கூத்து. என் மனைவி மலருடைய இட்லிக் குண்டா நசுங்கிச் சொட்டை விழுந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு அம்மாள் படியேறி வந்து என்ன சத்தம் என்று கேட்டார். சொட்டைக்கு இவர்கள் மொழியில் 'பாய்லெ' என்று பெயர். மண்டையில் அடிபட்டுப் புடைத்தால் அதற்கும் அதே பெயர்தான். உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படித்தான் கார் செய்து உலகத்துக்கு விற்கிறார்களோ! குண்டாவுக்கு என்ன சொல்வது என்று எனக்கு அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. "என் மனைவியின் பாய்லெயைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. மலர் வெளியே வந்து, தன் தலையைத் தடவிக் காட்டி, குண்டாவையும் தூக்கிக் காட்டிய பிறகுதான் போலீஸ் வராமல் தப்பித்தோம்.

ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை நான் தட்டியது எங்கள் வீட்டுப் பாத்திரத்தை அல்ல. எங்களுக்குச் சம்பந்தியாக வரப்போகிறவர்களின் பாத்திரங்களை. அவை என் கைக்கு வந்த விதத்தைத்தான் இங்கே எழுதப்போகிறேன். நிர்வாகத்துக்கு எழுத வேண்டிய பதில் மேஜையில் அப்படியே கிடக்கிறது.

2

இங்கே வீடுகளில் இருப்பது கண்ணாடி அடுப்பு. பாத்திரத்தின் அடி சமமாக உட்கார்ந்தால்தான் சூடு ஏறும். நம் ஊரில் தீயின் மேல் எதை வைத்தாலும் வெந்துவிடும். இந்த அடுப்புக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவரும் பாத்திரம் விமானத்தில் இறங்கும்போது ஏதாவது ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். இல்லையென்றால், சூட்டோடு சூடாகத் தண்ணீர்க் குழாயில் காட்டி அடியை வளைத்துக்கொள்வார்கள். அடுப்பில் வைத்தால் ஆடும். அப்புறம் எனக்கு போன் வரும்.

நான் சிங்காநல்லூரில் ஒரு பம்பு பட்டறையில் தொழில் பழகி, அதை வைத்துக்கொண்டு ஸ்டுட்கார்ட் வந்தவன். தொழிற்சாலையில் என் வேலை மெஷினோடு. பாத்திரம் தட்டுவது வீட்டில், கைப்பழக்கத்துக்கு. கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியல் ஒன்று, மணல் தைத்த பை ஒன்று, உருண்டையான மரக்கட்டை ஒன்று, அவ்வளவுதான் சாமான். எவர்சில்வர் என்றால் மணல்பையில் கவிழ்த்து வைத்து, சொட்டையின் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுவுக்கு வர வேண்டும். நேராக நடுவில் போட்டால் இன்னொரு பக்கம் புடைத்துக்கொள்ளும். பழைய அலுமினியம் என்றால் முதலில் துணி சோப்பைத் தேய்த்துச் சூடு காட்டுவேன். சோப்பு கறுத்தால் உலோகம் இளகிவிட்டது என்று அர்த்தம். வார்ப்புத் தோசைக்கல்லைத் தட்டவே கூடாது, விரிசல் விட்டுப்போகும். குக்கர் மூடி வளைந்திருந்தால் குப்பையில் போடச் சொல்லிவிடுவேன். அதைத் தட்டிக் கொடுத்து யார் வீட்டிலாவது வெடித்தால் யார் பதில் சொல்வது?

இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் எனக்கு 'சொட்டை அங்கிள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் தலையைப் பார்த்து வைத்ததா, வேலையைப் பார்த்து வைத்ததா என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.

3

எங்கள் வீட்டில் சொட்டைப் பாத்திரம் இருக்கவே கூடாது என்பது என் அம்மாவின் சட்டம். சோறில்லாத நாளிலும் அந்தச் சட்டம் இருந்தது. காரணம் அழகு இல்லை.

அம்மா பண்ணாடி தோட்டத்தில் களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். நிலத்துக்குச் சொந்தக்காரரைப் பண்ணாடி என்போம். வேலை செய்கிறவர்களுக்குச் சோறு போட அங்கே சில அலுமினிய வட்டல்கள், அதாவது சாப்பாட்டுத் தட்டுகள், உண்டு. மாட்டுச்சாளையின் கூரையோரத்து இறவாரத்தில் செருகி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றின் விளிம்பும் ஓரிடத்தில் நசுக்கப்பட்டிருக்கும். தானாக விழுந்த சொட்டை அல்ல, கல்லால் தட்டி வைத்த சொட்டை. கழுவும்போது தப்பித்தவறி வீட்டு வட்டல்களோடு கலந்து உள்ளே போய்விடக் கூடாது அல்லவா? அதற்கு அடையாளம்.

ஒருநாள் அம்மா தன் வட்டலை முந்தானையில் மறைத்து வீட்டுக்கு எடுத்து வந்தாள். உலக்கையின் தலையில் வைத்து, புளியங்கட்டையால் மெல்ல மெல்லத் தட்டி, விளிம்பைப் புதிது போலாக்கினாள். மறுநாள் காலையில் கொண்டுபோய் இறவாரத்தில் செருகிவிட்டாள். அதற்கு அடுத்த நாள் போனபோது வட்டல் மறுபடியும் நசுங்கியிருந்தது. இந்த முறை இரண்டு இடத்தில். யாரும் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. "வா, வந்து சாப்புடு" என்றுதான் சொன்னார்களாம். அம்மா சாப்பிடாமல் வந்துவிட்டாள். அதன் பிறகு அந்தத் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. மில்லுக்குப் பஞ்சு பொறுக்கப் போனாள், நெஞ்சு முழுக்கப் பஞ்சு அடைத்துச் செத்துப்போனாள்.

ஊர் நினைவு என்றால் எனக்கு வருவது இதுதான். புலம்பெயர்ந்தவர்கள் எல்லாரும் மழைவாசனையையும் மல்லிகைப்பூவையும் எழுதுகிறார்கள். எழுதட்டும், அவர்களுக்கு அது வாய்த்திருக்கிறது.

4

என் மகள் அனிதா இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் யோசிப்பது ஜெர்மனில். அவளோடு வேலை செய்கிற கௌதம், சரவணம்பட்டிப் பையன். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. கோடை விடுமுறைக்கு அவனுடைய அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னோம்.

மலர் அரிசிம்பருப்புச் சோறு செய்திருந்தாள். நெய்யும் தயிரும் அப்பளமும் இருந்தன. வந்தவர்கள் கலகலப்பான மனிதர்கள். கௌதமின் அப்பா அதிகம் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து அம்மா பேசிவிடுவார்.

"ஏனுங்க சம்பந்தி, உங்களுக்குச் சிங்காநல்லூருங்களாமா? எங்க சின்னம்மா ஊடு அங்கதானுங்க இருக்குது. எத்தனை நாளு நாங்க அங்க வந்து கெடந்திருக்கறோமுங்க."

சம்பந்தி என்ற சொல்லை முதலில் எடுத்தது அவர்தான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு 'ங்க'. நீண்ட நாள் கழித்து அந்த 'ங்க'வைக் கேட்க எனக்கும் இனிக்கத்தான் செய்தது, பொய் சொல்வானேன்.

அனிதா அப்பளம் கொண்டுவந்து வைத்தாள். அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்தம்மா கேட்டார்: "நீங்கெல்லாம் எந்தக் கூட்டங் கண்ணு?"

கொங்கு நாட்டில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். எந்தக் குலம், எங்களுக்கு நீங்கள் பங்காளியா, மாமன் மச்சானா என்று கேட்பது. நிலம் வைத்திருக்கும் அவர்கள் சாதிக்குள் கேட்டுக்கொள்வது. எதிரில் இருப்பவரும் தன் சாதிதான் என்று முடிவு கட்டிய பிறகுதான் அப்படிக் கேட்பார்கள். எங்கள் பெயர்களில் சாதியைக் காட்டும் எதுவும் ஒட்டியிருக்காது. சிலுவையும் படுக்கையறையில்தான் மாட்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் கூட்டம் என்றால் ஜெபக்கூட்டம். அனிதாவுக்குத் தெரிந்த ஒரே கூட்டம் அதுதான். பளிச்சென்று பதில் சொன்னாள்: "வெள்ளிக்கிழமைக் கூட்டங்க ஆன்ட்டி. அம்மா மட்டுந்தான் போவாங்க. எனக்கு முழங்கால் போட்டா வலிக்குமுங்க."

கௌதம் பெரிதாகச் சிரித்தான். தேவைக்கு மேல் சிரித்தான். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, பையனுக்கு எல்லாம் தெரியும்; பெற்றவர்களிடம் சொல்லவில்லை.

அந்தம்மா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "சிங்காநல்லூர்ல எந்தப் பக்கமுங்க?" என்றார்.

மலர் என்னைப் பார்த்தாள். மழுப்பியிருக்கலாம். "கிழக்கே ஓடைமேடு காலனிங்க" என்றேன்.

ஊர்ப் பெயரோடு காலனி சேர்ந்தால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. "ஓ, அப்படீங்களா. சரிங்க" என்றார். அதன் பிறகு வெயிலைப் பற்றிப் பேசினோம். தயிர்ச் சோறு அவர்கள் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. வயிறு நிறைந்துவிட்டதாம்.

5

நான் அந்தச் சம்பந்தம் முடிந்தது என்றே நினைத்தேன். பையன் பிடிவாதம் பிடித்திருக்கிறான். சில வாரம் கழித்து, அப்பாவும் அம்மாவும் ஒத்துக்கொண்டார்கள் என்று அனிதா குதித்துக்கொண்டு வந்து சொன்னாள். எங்களைக் கௌதம் வீட்டுக்குக் காபி சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் இங்குள்ள ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஜெர்மனில் 'ஸீ' என்றால் நீங்கள், 'டூ' என்றால் நீ. முதலில் எல்லாரும் ஸீதான். பழகப் பழக, பெரியவராகப் பார்த்து, "இனிமேல் நாம் டூ சொல்லிக்கொள்ளலாமா" என்று கேட்பார். அது ஒரு கௌரவம். என் மேற்பார்வையாளர் என்னிடம் அப்படிக் கேட்ட அன்று நான் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

கௌதம் வீட்டுக் கதவைத் திறந்தது அவன் அம்மா. "வா செல்வராஜு, உள்ள வா" என்றார்.

அவர் என்னைவிட வயதில் சின்னவர். கோயமுத்தூர்க்காரர்கள் தொட்டிலில் கிடக்கிற குழந்தையிடம் "பால் குடிச்சீங்களா" என்று கேட்பவர்கள். வீட்டுப் பூனையைக்கூட "அக்கட்ட போங்க" என்று விரட்டுவார்கள். அந்த 'ங்க' எனக்கு மட்டும் இல்லை. மலருக்கும் இல்லை.

காபி குடித்து முடித்ததும் ஒரு பையைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். கைப்பிடி வைத்த தூக்குப்போசி ஒன்று, வட்டல்கள், ஒரு தேக்சா. எல்லாம் எவர்சில்வர், எல்லாம் நசுங்கியிருந்தன.

"ஏரோப்ளேன்ல போட்டு நசுக்கிப்போட்டானுக. நீ சொட்டையெல்லாம் நல்லா எடுப்பியாமா, கௌதமு சொன்னான். இதைக் கொஞ்சந் தட்டிக் குடுத்துப்போடு."

நான் பையை எடுத்துக்கொண்டேன். அவர் வேண்டுமென்று என்னை அவமானப்படுத்தவில்லை. அப்படியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவருக்கு என்னைப் பார்த்தால் வாயில் அப்படித்தான் வருகிறது. காலனி என்று கேட்டதும் 'ங்க' தானாகக் கழன்று விழுந்துவிட்டது. கௌதம் சுவரில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வருகிற டிராமில் அனிதா என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அப்பா, கவனிச்சீங்களா? ஆன்ட்டி உங்களுக்கு டூ சொல்லிட்டாங்க!"

மலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் "ஆமாம்மா, கவனிச்சேன்" என்றேன். வேறென்ன சொல்ல? அவள் வாழப்போகிற வீடு. இதுதான் அந்த 'டூ' என்று சொன்னால் அவள் சந்தோஷம் போகும். சொல்லாவிட்டால் ஒன்றும் தெரியாமல் அந்த வீட்டுக்குள் போவாள்.

6

வார நாளில் வேலை. சனிக்கிழமை கடைகண்ணி. ஆகவே ஞாயிற்றுக்கிழமை தட்டினேன்.

"அரைகுறையா ஒரு சொட்டைய விட்டுக் குடுங்க, தெரியட்டும்" என்றாள் மலர். அவள் கோபம் அப்படி. எனக்கும் ஆசை வராமல் இல்லை. ஆனால் கை கேட்கவில்லை. தூக்குப்போசியின் இடுப்பில் விழுந்ததுதான் கஷ்டமான சொட்டை. கழுத்து குறுகலாக இருந்ததால் உள்ளே கட்டையைச் செருகிக்கொண்டு வெளியிலிருந்து தட்டிச் சமமாக்க வேண்டியிருந்தது. வட்டல்களின் விளிம்பைத் தட்டும்போது என் அம்மாவை நினைத்தேன். ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தோடு தட்டினால் தகடு நீண்டு நெளிந்துவிடும் என்பதால் நிறுத்தி நிறுத்தித்தான் தட்டினேன். அதனால்தான் நேரமாகிவிட்டது, அதனால்தான் கீழ்வீட்டு அம்மாள் எழுதிப் போட்டுவிட்டார்.

அனிதாதான் பாத்திரங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"ஆன்ட்டி அசந்துட்டாங்கப்பா. 'உங்காளுகளுக்குக் கைவேலைன்னா அதும்பாட்டுக்கு வரும் கண்ணு'ன்னு சொன்னாங்க. உங்காளுகன்னா யாருப்பா? இஞ்சினியருங்களா?"

இதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. உட்காரச் சொன்னேன். கூட்டம் என்றால் என்ன, காலனி என்றால் என்ன, 'ங்க' என்றால் என்ன, அது போனால் என்ன என்று எல்லாவற்றையும் சொன்னேன். வட்டலை நசுக்கிய கதையையும் சொன்னேன். பாதி ஜெர்மனில் சொன்னேன். எவ்வளவு அசிங்கமான விஷயத்தையும் அந்நிய மொழியில் சொன்னால் யாருக்கோ நடந்தது மாதிரி இருக்கிறது.

அவள் அழுதாள். உடனே கௌதமுக்கு போன் செய்து, உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றானாம். "அம்மா அப்படித்தான், நீ கண்டுக்காதே. நாம இங்கதானே இருக்கப்போறோம்" என்றானாம். அவன் சொன்னதில் பொய்யில்லை. அதைப் பிடித்துக்கொண்டு அவள் சமாதானமாகிவிட்டாள். எனக்குத்தான் ஆறவில்லை.

7

கல்யாணம் கோயமுத்தூரில், சரவணம்பட்டி மண்டபத்தில். செலவெல்லாம் அவர்களுடையதாம், அதனால் பத்திரிகையும் அவர்கள் அடிப்பதாம். மாதிரி அடித்து போனில் அனுப்பியிருந்தார்கள். அனிதா காட்டினாள்.

பையன் பக்கம் ஊர், கூட்டம், குலதெய்வம், தாத்தா பாட்டி இரண்டு தலைமுறை, எல்லாம் வரிசையாக இருந்தன. எங்கள் பக்கம் ஒரே வரி: செல்வராஜ் – மலர், ஸ்டுட்கார்ட், ஜெர்மனி.

"ஊரு எங்கே அனி?"

"ஸ்டுட்கார்ட்டுன்னு போட்டிருக்கே. அதுதானேப்பா நம்ம ஊரு? பொய் இல்லையே."

பொய் இல்லை. இத்தனை வருஷம் உழைத்து, மொழி படித்து, பரீட்சை எழுதி, குடியுரிமை வாங்கியதற்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"சரி, ஊரு வேண்டாம். எங்கம்மா பேரையாவது போடச் சொல்லு. நீ அவளுக்குப் பேத்தி."

அனிதா என் முகத்தைப் பார்க்கவில்லை. விரலால் திரையை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"கேட்டேன்ப்பா. அந்தப் பேரைப் பாத்தாலே ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்சுடும்கிறாங்க. ஒரே ஒரு நாள்தானேப்பா. ப்ளீஸ்."

அம்மாவின் பெயரை மாற்றச் சொன்னவர்கள் முன்பும் உண்டு. சர்ச்சில் வேறு பெயர் வைக்கிறோம் என்றபோது வேண்டாம் என்றவள் அவள். பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தபோது வாத்தியார் தாயார் பெயர் என்ற இடத்தில் நாகரிகமாக ஏதோ எழுதிக்கொள்ள, பக்கத்தில் நின்று அதை அடித்துத் திருத்தி எழுத வைத்தவள். அவளுக்குப் பிறந்த நான், மகள் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் சரி என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணத்துக்கு வருகிறவர்கள் யாராவது ஊரில் இதைப் படிக்கக்கூடும். படிக்கட்டும். அந்தக் கல்யாணப் பத்திரிகையில் வராத பெயர், நீங்கள் படிக்கும் இந்தப் பத்திரிகையில் வரட்டும் என்றுதான் எழுதினேன்.

மணமகளின் பாட்டி பெயர் மாராள்.